வாய்க்குள் ஒரு சுண்ணாம்புக் குழி

பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோலின் கதையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்களின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பச்சைத் தோலின் நாற்றமும் சுண்ணாம்புக் குழியின் நெடியும் நம் நினைவில் எழும். உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைப்பர். பின்னர்ச் சுண்ணாம்பு நீரில் இட்டு மயிரைக் கழலச் செய்வர். ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுத்த பின் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ச்சாற்றில் நாட்கணக்கில் ஊறப்போடுவர். அத்துவர்ப்பு தோலுக்குள் இருக்கும் நார்ப்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதனை இறுக்கிவிடும். இரண்டு நாளில் அழுகிப் போயிருக்க வேண்டிய தோல், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செருப்பாவது இவ்வாறே. குரோமிய உப்புகள் வந்த பின் வேலை விரைவாயிற்றே தவிர, அடிப்படை மாறவில்லை.

இத்தொழிலில் கைதேர்ந்த நம் மக்களில் பலர், இதே வேலையைத் தம் கன்னத்தின் உட்புறத்திலும் நாள்தோறும் நடத்தி வருகின்றனர். அதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வெற்றிலையும் பாக்கும் இம்மண்ணுக்குப் பழையவை. உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலை பாக்குக் கொடுத்ததைச் சிலம்பு சொல்கிறது. ஆனால் அந்த வெற்றிலையில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, போர்த்துக்கீசியரின் கப்பல்களில்தான் இந்தியாவுக்கு வந்தது. அக்பரின் இறுதிக் காலத்தில், ஏறத்தாழ 1604-இல், பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்பவர் அதனை முகலாய அரசவைக்குக் கொண்டு சென்றார். 1617-இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை. தமிழர் அதற்குப் 'புகை இலை' என்று பெயரிட்டனர். பெயரை இட்டுவிட்டுப் பெரும்பாலும் மென்றனர். பின்னர் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூதாக அனுப்பி ஒரு நூல் பாடுமளவுக்கு அது நம் வாழ்வோடு கலந்துவிட்டது. அந்நூலை உ.வே.சாமிநாதையர் தேடிப் பதிப்பித்தார். இன்று பரம்பரை வழக்கம் என்று சொல்லிக்கொண்டு புகையிலையை அடக்கிக்கொள்பவர்கள், இப்பரம்பரையின் வயது நானூறு ஆண்டுகளே என்பதை அறிந்திருந்தால் நன்று.

திருச்சபையும் இவ்விலையோடு மல்லுக்கட்டியதுண்டு. 1583-இல் கூடிய லீமாவின் மூன்றாம் சங்கம், திருப்பலிக்கு முன் குருக்கள் புகையிலை கொள்ளலாகாது என்று விதித்தது. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான், செவில் மறைமாவட்டக் கோவில்களுக்குள் புகையிலையைத் தடை செய்தார். 1650-இல் பத்தாம் இன்னொசென்ட் உரோமைப் புனித பேதுரு பேராலயத்துக்கும் அவ்வாறே கட்டளையிட்டார். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1725-இல், பதின்மூன்றாம் பெனடிக்ட் அக்கட்டளையை நீக்கினார். இவையெல்லாம் ஆலயத்தின் தூய்மையையும் மாண்பையும் கருதிப் பிறந்தவையே தவிர, உடல்நலம் கருதியவை அல்ல. அக்காலத்தில் புகையிலையை மருந்தென்று நம்பியவர்களே மிகுதி. உடல்நலத்தைக் காரணமாகச் சொல்லி வத்திக்கானில் சிகரெட் விற்பனையைத் திருத்தந்தை பிரான்சிஸ் நிறுத்தியது 2018-இல்தான்.

நோயின் உண்மை மெல்ல வெளிப்பட்ட இடங்களில் ஒன்று நம் தமிழகமே என்பது பலர் அறியாத செய்தி. அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில், இலண்டன் மிஷனரி சங்கத்தாரின் மருத்துவமனை இருந்தது. வாயில் புற்றோடு வந்தவர்களின் கூட்டம் அங்குப் பணிபுரிந்த மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அவர்களுள் ஒருவரான ஃபெல்ஸ், தாம் ஆராய்ந்த 209 அறுவை மருத்துவங்களைப் பற்றி 1908-இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1933-இல் ஓர் என்ற மற்றொரு மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதே நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராய் உழைத்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்தவர். பிற்காலத்தில் அவர் நம் வேலூருக்கு வந்து கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1959-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்குவது என்று 1985-இல் முடிவு கூறிற்று. புகையிலை இல்லாவிடினும் பாக்கு ஒன்றே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்ற முடிவு 2003-இல் வந்தது. 'நான் வெறும் பாக்குத்தான் போடுகிறேன்' என்று ஆறுதல் கொள்வோர் இந்த இரண்டாம் முடிவைக் கருத வேண்டும்.

இனி அந்தச் சுண்ணாம்புக் குழிக்கு வருவோம். சுண்ணாம்பு சேரும்போது எச்சில் காரத்தன்மை அடைகிறது. அப்போது புகையிலையின் நிக்கோட்டின் எளிதாக விடுபட்டுக் கன்னத்தின் மெல்லிய சவ்வு வழியே குருதியில் கலக்கிறது. மென்றவருக்குச் சில நிமிடங்களில் கிடைக்கும் 'சுறுசுறுப்பு' இதுதான். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது, அதனோடு வரும் நைட்ரோசமைன் என்னும் நச்சுகளோ புற்றுக்கு வித்திடுகின்றன. எந்தக் கன்னத்தில் அடக்கினாரோ பெரும்பாலும் அந்தக் கன்னத்திலேயே புண் பிறக்கிறது.

பாக்கின் வேலை இன்னும் வியப்பானது. அதிலும் ஆவாரம்பட்டையில் உள்ளது போன்ற துவர்ப்பொருள் உண்டு. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாய் இறுகிப்போனதை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். மறு ஆண்டே ஜோஷி என்ற மருத்துவர் அந்நோயை இந்தியாவிலும் கண்டு எழுதினார். கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்ப்பொருள் தடித்து, வெளிறி, வாய் திறக்க முடியாமல் ஆகும் நோய் அது. பாக்கில் உள்ள அரெக்கோலின் அந்நாரைப் பெருகச் செய்கிறது. பாக்கின் துவர்ப்போ, அந்நார் இயல்பாகக் கரைந்து புதுப்பிக்கப்படுவதைத் தடுத்து அதை நிலைக்கச் செய்கிறது என்று 1987-இல் ஆய்வாளர் காட்டினர். தோல் மண்டியில் ஆட்டுத்தோலுக்கு நாம் செய்வதும் இதுவேயன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் இதனைக் கண்ணாரக் கண்டோம். நாற்பது வயதையும் எட்டாத தொழிலாளி ஒருவர் நற்கருணை வாங்க வந்தார். நாவில் வாங்குவதே அவர் வழக்கம். அன்று அவரால் உதடுகளை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க இயலவில்லை. குருவானவர் ஒரு கணம் தயங்கி, அப்பத்தைச் சிறு துண்டாக்கிக் கொடுத்தார். பின்னர்ப் பேசியபோது அவர் சொன்னார்: 'முதலில் பிரியாணி எரிந்ததுங்க. மிளகாய் ஜாஸ்தி போலன்னு நினைச்சேன்.' ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணி எரிகிறதென்றால் அது சமையற்காரரின் குற்றமன்று என்பதை அவருக்குச் சொல்ல அப்போது எவரும் இல்லை.

ஏன் மென்றீர்கள் என்று அவரைக் கேட்டது நம் அறியாமை. பச்சைத் தோலின் நாற்றத்தை மறக்க ஏதேனும் வாயில் வேண்டும். இரு கைகளும் ஈரத்தில் இருப்பவர் பீடியைப் பிடிப்பது எங்ஙனம்? பசை நெடியும் தீப்பற்றும் பொருள்களும் உள்ள செருப்பு ஆலையில் தீக்குச்சி உரசவும் முடியாது. சாப்பாட்டு வேளை தள்ளிப்போனால் பசி தெரியாதிருக்கவும் அது உதவுகிறது. 'மாவா' என்றும் 'ஹான்ஸ்' என்றும் பேசப்படுபவை இக்காரணங்களால் நுழைந்தவையே. இவற்றை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கடிந்துகொள்பவர்கள் தோல் மண்டிக்குள் ஒருநாள் நின்று பார்த்தவர்கள் அல்லர். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் நம் பெண்கள் நாள் முழுதும் புகையிலைத் தூளோடு வாழ்வதும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது.

சட்டத்தின் கதை நீண்டது. 2001-இல் தமிழக அரசு குட்காவையும் மெல்லும் புகையிலையையும் தடை செய்தது; 2004-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அத்தகைய மாநிலத் தடைகள் வீழ்ந்தன. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மீண்டும் தடை வந்து, ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. 2023 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்க, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பாலாற்று நீரில் தோல் ஆலைகள் கலந்த கழிவுக்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆற்றின் நஞ்சுக்காக அவ்வளவு போராடிய நாம், வாயின் நஞ்சைப் பொட்டலமாக விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 20 கோடி.

விட முடியுமா? எர்ணாகுளம் முதலிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்திய 36,000 பேரிடையே நடந்த ஆய்வொன்று 1986-இல் வெளியாயிற்று. அறிவுரையும் படங்களும் நேர்ப்பேச்சும் மட்டுமே அங்கு மருந்து. அதனாலேயே பலர் விட்டனர். விட்டவர்களிடையே வாயின் வெண்படலம் புதிதாகத் தோன்றுவதும் குறைந்தது. விட்ட முதல் மூன்று நான்கு நாட்களே கொடியவை: எரிச்சல், உறக்கமின்மை, தலைவலி. சில வாரங்களில் அவை தணிந்துவிடும். கை தேடும் வேளையில் கிராம்போ ஏலக்காயோ போதும். புகையிலைக்குப் பதிலாகப் பாக்கு என்பது மட்டும் கூடாது. இறுகிய சவ்வு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆயினும் மென்மேலும் இறுகாமலும் புற்றாக மாறும் வாய்ப்புக் குறையவும் நிறுத்துவதே வழி. வாய்க்குள் தன் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க இயலாதவரும், இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைச் சிவப்புத் திட்டுகளோ உடையவரும் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும். 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

அந்தத் தொழிலாளி விட்டுவிட்டார். ஐஸ்கிரீம் மரக்குச்சிகளைப் பற்களிடையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாயைத் திறக்கப் பழகுமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறு குச்சியில் தொடங்கியவர் இப்போது பதினொன்றில் இருக்கிறார். சென்ற தை மாதம் அவர் மகளின் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். வாசலில் தாம்பூலத் தட்டு இருந்தது. வெற்றிலையும் ஏலக்காயும் கற்கண்டும் இருந்தன, பாக்கு இல்லை. முதியவர் ஒருவர் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டே இரண்டு ஏலக்காய்களை எடுத்துக்கொண்டார்.