பள்ளி: மலையிலிருந்து இறங்கி வந்த சொல்

பத்துமலையின் 272 படிகளை ஏறிக் குகைவாயிலில் நின்று திரும்பிப் பார்க்கும்போது, கோலாலம்பூரின் வடபுறம் நம் கண்முன் விரிகின்றது. மலையையும் குகையையும் நாடிச் செல்வது இந்நாட்டுத் தமிழர்க்குப் பழகிய வழக்கம். 1891-ஆம் ஆண்டில் கா. தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. விழா முடிந்ததும் நம் பிள்ளைகள் மீண்டும் தமிழ்ப்பள்ளிக்குச் செல்கின்றனர். ஏறிய மலை ஒருபுறம், பயிலும் பள்ளி மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய உறவு ஒன்று உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுறவு 'பள்ளி' என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. அதனைத் தேடித் தமிழகத்து மலைகளுக்குச் சென்று மீள்வதே இவ்வுரையின் நோக்கம்.

'பள்ளி' என்றால் படுக்கை, உறங்கும் இடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் ஆகிய வழக்குகளில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. துறவியர் தங்கும் இடத்துக்கும் அதுவே பெயர். கல்வி கற்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. இசுலாமியத் தமிழர் தம் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்கின்றனர். கேரளத்துக் கிறித்தவர் தம் தேவாலயத்தைப் பள்ளி என்றே அழைக்கின்றனர். படுக்கை எவ்வாறு கல்விக்கூடம் ஆயிற்று? இவ்வினாவுக்கு விடை ஏடுகளில் மட்டும் இல்லை. மலைகளின் மீதும் இருக்கின்றது.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் என்னும் ஊரை அடுத்து ஒரு மலை உண்டு. அதன் குகைகளில் பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் காணப்படுகின்றன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும். குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டுள்ளது. அங்குள்ள கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். எனினும், இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டும் வரை அவை விளங்காப் புதிராகவே இருந்தன. பின்னர் ஐராவதம் மகாதேவன் வாழ்நாள் உழைப்பாக அவற்றை ஆராய்ந்து 2003-இல் பெருநூலாக வெளியிட்டார். மாங்குளத்துக் கல்வெட்டுகளை அவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும், கணி என்னும் பட்டம் தாங்கிய சமணத் துறவியின் பெயரும் அங்கு உள்ளன. அத்துறவிக்காகச் செதுக்கப்பட்ட உறைவிடத்தைக் கல்வெட்டு 'பளிய்' என்று குறிக்கின்றது. நாம் நாள்தோறும் உச்சரிக்கும் 'பள்ளி' தமிழ் எழுத்தில் முதன்முதலாக நமக்குக் கிடைக்கும் இடங்களுள் அக்கல்லும் ஒன்று.

துறவியர் ஏன் மலையைத் தேர்ந்தனர்? சமண முனிவர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காது நடந்துகொண்டே இருக்க வேண்டியவர். மழைக்காலத்திலோ மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகும். நடந்தால் அவை மிதிபடும். ஆகவே அந்நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குவது அவர்தம் நெறி. அதற்கு இயற்கை தந்த கூரையே குகை. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகைக்குச் செல்வோர், பாறையின் சரிவில் வெட்டிய குழிகளில் கால் பதித்து இன்றும் செல்கின்றனர். அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒருவர் படுக்க மட்டுமே போதுமான அகலம். வேறு உடைமை வைக்க இடமில்லை.

ஆயினும் இம்மலைகள் மக்களை விட்டு முற்றும் விலகியவை அல்ல. மாங்குளத்தில் கொடை அளித்தோருள் வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் உண்டு. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், அறுவை எனப்படும் துணி விற்பவன், ஏர்க்கொழு விற்பவன் ஆகியோர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மன்னன் மட்டுமன்று, உப்பு விற்றவனும் ஒரு பள்ளிக்குப் பங்களித்திருக்கின்றான். பள்ளி என்பது தொடக்கத்திலிருந்தே ஊரார் சேர்ந்து தாங்கிய ஒன்று என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

படுக்கை கல்விக்கூடமாக மாறியதைக் காட்டுபவை பிற்காலக் கல்வெட்டுகள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலையிலும், தென்பாண்டி நாட்டுக் கழுகுமலையிலும் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு முதல் பாறைகளில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. ஒவ்வோர் உருவத்தின் கீழும் அதனைச் செய்வித்தவர் பெயர் இருக்கும். அப்பெயர்கள் தனித்து நில்லா. இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இன்னார் என்றே அவை தொடர்கின்றன. தந்தை பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் உலகில், ஆசிரியர் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்ட மாணாக்கர் இவர்கள். குரண்டி என்னும் ஊரில் இருந்த திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர் பெயர்கள் சமணர்மலையிலும் கழுகுமலையிலும் காணப்படுகின்றன. ஒரு பள்ளியில் பயின்றோர் பல மலைகளுக்குச் சென்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே மாணவியர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கழுகுமலையில் 'குரத்தியார்' என்னும் பெயரால் பெண் ஆசிரியர் பலர் குறிக்கப்படுகின்றனர். 'குரவர்' என்பதன் பெண்பால் அது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தைச் சேர்ந்த வேடல் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் 500 மாணவியரையும் குறிப்பிடுகின்றது. கி.பி. 945-இல், முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டில், ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு தோண்டுவித்தார். அவ்விடம் 'பெண்பள்ளி'யாக விளங்கியது. அவருடைய ஆசிரியர் அருகிலுள்ள திருப்பான்மலையைச் சேர்ந்தவர். கிரேக்க நாட்டின் ஆதோசு மலையில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் துறவியர் மடங்கள் உள்ளன. அங்கே பெண்கள் காலடி வைக்க இன்றளவும் இசைவில்லை. அதனோடு ஒப்பிடும்போது தமிழகத்து மலைகளில் பெண்கள் ஆசிரியராயிருந்து தம் பெயரையும் பொறித்துச் சென்றது எத்துணைப் பெரிய செய்தி என்பது விளங்கும்.

உலகின் பிற மலைமடங்களும் எழுத்தைக் காத்தவையே. எகிப்தின் சினாய் மலையடியில் கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித கத்தரீன் மடத்தின் நூலகம், உலகில் இடைவிடாது இயங்கிவரும் மிகப் பழைய நூலகங்களுள் ஒன்று. சீனத்தின் துன்குவாங் குகைகளில் அடைபட்டிருந்த ஓர் அறையிலிருந்து 1900-இல் பல்லாயிரம் பழஞ்சுவடிகள் வெளிப்பட்டன. அவர்கள் தோலிலும் தாளிலும் காத்ததை நம்மவர் கல்லில் காத்தனர்.

மலையில் பிறந்த இச்சொல் கடலையும் கண்டது. அக்கதையில் நாம் வாழும் இம்மண்ணுக்கும் பங்கு உண்டு. இன்று கெடா என வழங்கும் கடாரத்தை ஆண்ட சிறீவிசய மன்னர் மரபினர், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். இதனைக் கூறும் செப்பேடுகள் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும், நெதர்லாந்தின் இலைடன் நகருக்குச் சென்றமையால் இலைடன் செப்பேடுகள் என்றும் அறியப்படுகின்றன. பள்ளிகளுக்கு இவ்வாறு விடப்பட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். தமிழ்மண்ணில் ஒரு பள்ளியைக் கடாரத்து அரசர் கட்டினர். பல நூற்றாண்டுகள் கழிந்து, கடாரத்து மண்ணிலும் அதனைச் சூழ்ந்த நாடெங்கும் தமிழர் தமிழ்ப்பள்ளிகளைக் கட்டினர்.

மலாய்மொழியில் பள்ளியைக் குறிக்கும் 'செகோலா' என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழிவழி வந்தது. அதன் வேர் கிரேக்கத்தில் 'ஓய்வு' என்னும் பொருளுடையது. கிரேக்கர் ஓய்வு என்றனர். தமிழர் படுக்கை என்றனர். உழைப்பின் நெருக்கடியிலிருந்து ஒருவனைச் சற்றே விடுவித்து, அமர்ந்து சிந்திக்க இடம் தருவதே கல்வி என்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. பால்மரக் காட்டில் விடியுமுன் வேலைக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தோட்டப்பள்ளி தந்ததும் அவ்விடத்தைத்தான்.

ஆதரித்தோர் அகன்றபோது மலைப்பள்ளிகள் வெறிச்சோடின. படுக்கைகள் இருந்தன, படுப்போர் இல்லை. பிறகு மலைக்கே ஆபத்து நேர்ந்தது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பல கல்லுக்காக உடைக்கப்பட்டன. மாங்குளத்தை அடுத்த அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னும் அப்பகுதியில் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தமையால் 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையும் ஒரு காலத்தில் வெட்டி எடுக்கப்பட்டு, 1980-களில் அது நிறுத்தப்பட்டதை இங்கே நினைவுகூரலாம்.

நம் தமிழ்ப்பள்ளிகளும் அத்தகைய நிலையையே எதிர்கொண்டுள்ளன. 1957-இல் இந்நாடு விடுதலை பெற்றபோது 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, மக்கள் கிள்ளானுக்கும் சா ஆலத்துக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். கட்டடம் தோட்டத்தில் நின்றது. பிள்ளைகள் நகரத்தில் இருந்தனர். சில பள்ளிகள் இடம் மாறிப் பிழைத்தன, சில மூடப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1894-இல் சிங்களர் தோற்றுவித்த மகாவிகாரையும், 1904-இல் அமைந்த விவேகானந்தா ஆசிரமமும், அதன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் அருகருகே இருப்பதைக் காண்கின்றோம். துறவியர் உறைவிடமும் கல்விக்கூடமும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் அக்காட்சியில், பள்ளி என்னும் சொல்லின் இரு பொருளும் நகரத்தின் நடுவே சேர்ந்து நிற்கின்றன.

ஆசிரியர்கள் வகுப்பறையில் ஒரு நாழிகை ஒதுக்கி இச்சொல்லின் வரலாற்றைச் சொல்லலாம். மாணவர்கள் தம் பள்ளியின் முதல் ஆசிரியர் யார், நிலம் தந்தவர் யார், கூரை வேய்ந்தவர் யார் என்று முதியோரிடம் கேட்டுப் பெயர்களை எழுதி வைக்கலாம். உப்பு வணிகனின் பெயரைக் கல் காத்தது. தோட்டத்தில் நாள்கூலியில் ஒரு பங்கைப் பள்ளிக்கு ஈந்தவரின் பெயரைக் காக்க நமக்குக் கல் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். அவர்களை நேரில் அறிந்தோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.