பிரிண்டரின் வாயை அடைத்தது யார்?

இணைய நெறிமுறைகளுக்கான ஆவணத் தொடரான ஆர்எஃப்சியில், 3997-இல் ஒரு செக்ரட்டரி வருகிறார். ஐபிபி என்கிற இணைய அச்சு நெறிமுறையில் பிரிண்டர் யாருக்கு, எப்போது தகவல் சொல்ல வேண்டும் என்று தேவைகளை அடுக்கும் ஆவணம் அது. 2005 மார்ச்சில் வெளியானது. அதில் ஒருவர் வீட்டிலிருந்தே அலுவலகப் பிரிண்டருக்கு வேலை அனுப்புகிறார். தாள் தொலைந்துபோகாமல் எடுத்து வைக்கச் செக்ரட்டரிக்கு உடனே தகவல் போக வேண்டும். வேலை அனுப்பியவருக்கு மின்னஞ்சல் போதும், அலுவலகம் போனபின் பார்த்துக்கொள்வார். எப்படியும் பேச வேண்டியது பிரிண்டர்தான்.

அதே மாதம் வந்த 3996-இல் கதை தலைகீழ். அது தரும் ‘ஐபிபிகெட்’ முறையில் கணினிதான் பிரிண்டரிடம் போய்க் கேட்க வேண்டும்.

தடயம் 3995-இல் கிடைத்தது. அதன்படி, தகவல் வேண்டுமென்று பிரிண்டரிடம் பதிவுசெய்யும் சந்தாவில் இரண்டு புலங்கள்: பிரிண்டர் தானே அனுப்ப வேண்டிய முகவரிக்கு ஒன்று, வந்து கேட்பவருக்கான முறைக்கு ஒன்று. முதல் புலத்துக்கென்று ஐபிபி பணிக்குழு எழுதிய முறைகளோ ஆர்எஃப்சி ஆகவே இல்லை. விருந்தாளி வராத பந்தியில் போட்ட இலை மாதிரி அந்தப் புலம் அங்கேயே கிடக்கிறது. காலாவதியான வரைவுகளைத் துழாவியபோது வராதவர்களின் பெயர் தெரிந்தது: மெயில்டூ, ஐஎன்டிபி.

ஐஎன்டிபியில் பிரிண்டரே ஹெச்டிடிபி கிளையன்ட் ஆகி, பெறுநரின் கணினிக்குச் செய்தி அனுப்பும். வேகமானதுதான். ஆனால் மேசைக் கணினி ஒவ்வொன்றும் சர்வராகக் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவே ஃபயர்வால் இருந்தால் செய்தி வாசலோடு சரி. போதாக்குறைக்கு, அடுத்தவர் முகவரியைப் போட்டு ஒருவர் சந்தா எடுத்தால் பிரிண்டரே ஸ்பாம் அனுப்பும் கருவியாகிவிடும். 3995-இன் பாதுகாப்புப் பகுதி இந்த ஆபத்தைச் சொல்கிறது. என் சந்தேகம் இந்த மூன்றின் மேல்தான்.

ஐபிபிகெட்டும் இலவசமல்ல. யாராவது வந்து கேட்கும்வரை ஒவ்வொரு நிகழ்வையும் பிரிண்டர் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 15 விநாடி. நெடுநேரம் வைத்தால் நினைவகம் நிரம்பும், சீக்கிரம் அழித்தால் கணினிகள் ஓயாமல் வந்து தட்டும். அதனால் அடுத்து எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதைப் பிரிண்டரே சொல்லி அனுப்புகிறது. இதில் எனக்குப் பிடித்தது காத்திருப்பு முறை: கணினி திறந்த இணைப்பைப் பிரிண்டர் மூடாமல் வைத்து, நிகழ நிகழப் பதில் அனுப்புவது. ஐஎன்டிபி செய்ய நினைத்ததில் பெரும்பங்கு இதிலேயே நடந்துவிடுகிறது, ஃபயர்வாலும் முறைக்காது. இணைப்பைப் பிடித்துவைக்க முடியாத பிரிண்டர் பாதியில் விலகிக்கொள்ளவும் விதியில் இடமுண்டு.

மெயில்டூ சாகவில்லை. கப்ஸ் என்கிற அச்சு மென்பொருளில் தனி நிரலாக இருக்கிறது, வேலை அனுப்பியவருக்கு மின்னஞ்சல் போகும். ஐபிபிகெட்டுக்காக அதே கப்ஸ் வைத்திருக்கும் நிகழ்வுகளின் இயல்பு உச்சவரம்பு 100. அதைத் தாண்டினால் பழையவை போய்விடும். தாமதமாக வந்து கேட்பவர், வரிசை எண்ணில் விழுந்த இடைவெளியை வைத்து எத்தனை தவறின என்று எண்ணிக்கொள்ளலாம்.