தரங்கம்பாடிக் காசு

புனே ஜூனா பஜார் புதனும் ஞாயிறும் கூடும். சில வருஷம் முன்பு அங்கே சாக்கு விரித்திருந்த ஒருவரிடம் ஒரு டப்பா நிறையச் செப்புக் காசு கிடந்தது. ஒன்றை எடுத்தேன். "போர்ச்சுகீஸ், கோவா சரக்கு" என்றார் மராத்தியில். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே பின்னிய எழுத்து. மறுபக்கம் ரோமன் எண்ணில் நாலு; கூடவே கே, ஏ, எஸ் என்று மூன்று எழுத்து. காஸ். நம்ம காசுதாங்க அது! பேரம் பேசத் தோணவில்லை.

எங்கள் பூர்வீகம் மாயவரம் பக்கம். தரங்கம்பாடிக் கடற்கரையில் இந்தக் காசைப் பொறுக்கியதாக அப்பா சொல்வார். நான் கதை என்றே நினைத்திருந்தேன்.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் அந்தக் கடலோரத்தை டென்மார்க்குக்காரருக்குக் குத்தகைக்கு விட்டார். ஓவ கியெத்த என்ற தளபதி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். வியாபாரம் நொடித்தது. 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சியது ஒரே ஒரு டேனிஷ்காரர். ஊரில் இருந்து அடுத்த கப்பல் வந்தது 1669-இல்! சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்த பிறகு குத்தகைப் பணம் மராட்டியருக்குப் போயிற்று. ஆக, புனேக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு.

முதலில் ஈயத்தில் அடித்தார்கள், பிறகு செம்பில். ராஜாக்கள் கிறிஸ்தியான், ஃபிரெடரிக் என்று மாறி மாறி வருவார்கள். அதனால் 'சி'யா 'எஃப்'பா, எத்தனையாவது எண் என்று பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். என் நாலு காசு போல 160 சேர்ந்தால்தான் ஒரு ரூபாய்! உப்பும் மீனும் வாங்கிய சில்லறை. ராஜா பெயர் அந்நியம், காசின் பெயர் மட்டும் தமிழ். ஆங்கிலேயர் இந்தச் சில்லறையை 'கேஷ்' என்றதும் இதே சொல்லைத்தான்.

1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றார்கள். காசு அடிப்பதும் அத்தோடு நின்றது.

வாங்குபவர்கள் கவனிக்கவும்: வார்ப்புப் போலிகள் வருகின்றன. எழுத்தின் ஓரம் மழுங்கிச் சின்னச் சின்னக் குழி தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்பாவிடம் கொடுத்தேன். பார்வை குறைந்தவர், விரலால் தடவியே "இதேதான்டா" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். தேய்ந்ததையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாராம்.