மொன்ரே கார்லோ ரலி

மோட்டார் வண்டிப் பந்தயம் என்றவுடன், வட்டப் பாதையொன்றிலே பல வண்டிகள் ஒன்றையொன்று முந்த முயலுங் காட்சியே பலர் மனக்கண்முன் தோன்றும். ரலி அத்தகையதன்று. மீண்டும் ஒன்றுகூடுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். பல ஊர்களினின்றும் புறப்பட்டோர் குறித்த ஓரூரில் வந்து கூடியமையே அதற்கு ஏதுவாயிற்று. மக்கள் வழங்கும் சாலைகளிலே, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விடப்படும், போட்டி கடிகாரத்தோடேயாம். சாரதியின் அருகிருக்கும் துணைச் சாரதி, வரவிருக்கும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துரைப்பார். அவர் ஒரு வரி பிறழ்ந்தால் வண்டி பள்ளத்திற் கிடக்கும்.

1907 ஆம் ஆண்டிலே ஐந்து வண்டிகள் பீக்கிங்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட, இரண்டு மாதங்களில் இத்தாலிய இளவரசர் போர்கேசே முதல்வராய் வந்தடைந்தார். ஆயினும், ரலி என்னும் பெயரோடு நிலைபெற்றது 1911 சனவரியில் மொனாக்கோவிலே தொடங்கிய போட்டியேயாம். மாரிக்காலத்திலே செல்வரை அங்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். இருபத்துமூன்று வண்டிகள் புறப்பட்டன. ஹென்றி ரூஜியே வென்றார். விரைவு மட்டுமன்றி, வண்டியின் தோற்றமும் பயணிகளின் வசதியும் மதிப்பிடப்பட்டமையால் முதலாண்டிலேயே பூசல் எழுந்தது. நடுவரின் சுவைக்கு இடங்கொடுக்கும் விதியிற் பூசல் எழாதிருந்தாலன்றோ வியப்பு!

அதனினும் பெரும் பூசல் 1966 இல் விளைந்தது. மக்கினன், ஆல்ரனன், ஹொப்கேர்க் ஆகிய மூவர் ஓட்டிய மினி கூப்பர் என்னும் சிறிய ஆங்கில வண்டிகள் முதன் மூன்று இடங்களையும் பெற்றன. நடுவர்களோ அவற்றின் முன்விளக்குகள், ஒளியைத் தாழ்த்தும் முறையில், விதிக்கு மாறானவை எனக் கூறி மூன்றையும் விலக்கினர். இயந்திரத்திற் குற்றங் காணாதார் விளக்கிற் கண்டனர் எனப் பிரித்தானியர் கொதித்தெழுந்தனர். விதியின் எழுத்து நடுவர் பக்கமே நின்றதாயினும், சாலையிற் பெற்ற வெற்றியை விளக்கினாற் பறித்தது முறையோ என்ற வினா மறையவில்லை. பின்லாந்தினரான பவுலி தொய்வொனன் சித்ரோன் வண்டியோடு முதல்வராக்கப்பட்டார். அவ்வெற்றியை அவர் பெருமையாகக் கொண்டாரல்லர் என்பர். மறு ஆண்டிலே ஆல்ரனன் மினி வண்டியிலேயே வென்றார்.

1973 இல் உலகச் சம்பியன் போட்டி ஏற்பட்டது. 1982 முதல் 'பி' பிரிவு என்னும் விதியின்கீழ், நானூறு குதிரைவலுவையும் விஞ்சிய, எடை குறைந்த வண்டிகள் தோன்றின. காப்பு வேலியற்ற மலைச்சாலைக்கு அவை ஏற்றவையல்ல. 1986 சனவரியில், தந்தை முதல்வராக்கப்பட்டு இருபதாண்டுகளின் பின், பவுலியின் மகன் ஹென்றி தொய்வொனன் மொன்ரே கார்லோவிலே ஐயத்துக்கிடமின்றி வென்றார். மார்ச்சில் போர்த்துக்கலிலே ஒரு வண்டி கூட்டத்தினுட் பாய்ந்து பார்வையாளர் உயிரிழந்தனர். மே 2 ஆந் தேதி கோர்சிக்காத் தீவிலே, இடப்புற வளைவொன்றில் ஹென்றியின் லான்சியா சாலையைவிட்டுச் சரிந்து தீப்பற்றியது. அவரும் துணைச் சாரதி செர்ஜியோ கிரெஸ்தோவும் மாண்டனர். அடுத்த ஆண்டு முதல் அப்பிரிவு வண்டிகள் உலகச் சம்பியன் போட்டியினின்றும் விலக்கப்பட்டன.