தட்டில் ஏறாத இசை

1937இல் வெளியான ‘சிந்தாமணி’ மதுரைக்காரர்கள் எடுத்த படம். மதுரை ராயல் டாக்கி டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் பணம் போட, ஒய்.வி. ராவ் இயக்க, எம்.கே. தியாகராஜ பாகவதரும் அஸ்வத்தம்மாவும் நடித்தார்கள். பாட்டெழுதியவர் பாபநாசம் சிவன். படம் கொடுத்த லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே எழும்பியது. பாட்டுக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த அந்தப் படத்தின் பாடல்கள் பாகவதர் குரலில் அல்லாமல் துறையூர் ராஜகோபால சர்மாவின் குரலில் இசைத்தட்டாக வந்தன என்பது திரையிசை வரலாற்றில் பலமுறை எழுதப்பட்ட செய்தி. கொட்டகையில் கேட்ட குரல் ஒன்று, வீட்டுக்கு வந்த தட்டில் இருந்த குரல் இன்னொன்று. படச்சுருளும் இன்று கைக்குக் கிடைப்பதாக இல்லை. தமிழில் படத்தின் இசையும் கடையில் விற்ற இசையும் ஒன்றல்ல என்ற கதை இவ்வாறு மதுரைப் பணத்திலேயே தொடங்கிவிட்டது.

பழைய இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இன்றுவரை தீராத ஆற்றாமை இதுதான். படத்தில் வந்த பாட்டு தட்டில் இல்லை. தட்டில் இருக்கும் பாட்டு படத்தில் இல்லை. இரண்டிலும் இருந்தால் ஒரு சரணம் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் ஓடும் பின்னணி இசை, நம் ஊர்ப் பேச்சில் ரீ-ரிக்கார்டிங், தனியாக ஒரு தட்டிலும் ஏறவே இல்லை. ரிக்கார்டு கம்பெனிகளின் அலட்சியம் என்று இதற்குப் பழி சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தட்டை வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்று பார்த்தால் மீதிக் காரணம் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களின் திருவிழாப் பந்தல்களில் கிடைக்கும். யாருக்காக அந்தத் தட்டு செய்யப்பட்டதோ, அவருக்குத் தேவையான அளவுக்கு அது முழுமையாகவே இருந்தது.

முதலில் இட நெருக்கடியைச் சொல்ல வேண்டும். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய 50 பாட்டுகள். அத்தனையையும் தட்டாக்கினால் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டியிருக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பாடினார்கள். தட்டுக்கு வேண்டியதைத் தனியாக, வேறொரு நாளில், மூன்று நிமிடத்துக்குள் அடங்கும்படி ஆலாபனையைச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். எனவே முப்பதுகளின் இசைத்தட்டு படத்தின் நகலே அல்ல. படத்தின் பெயரைத் தாங்கிய இன்னொரு நிகழ்ச்சி. படத்தில் உண்மையில் எத்தனை பாட்டு இருந்தது என்று அறிய, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமே இன்று நமக்குள்ள சாட்சி. கதைச் சுருக்கமும் பாடல் வரிகளும் மலிவுத் தாளில் அச்சான அந்தச் சிறு புத்தகத்தைத் தட்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவை வரிசையாகத் தெரியும். வரி இருக்கிறது, ராகத்தின் பெயர்கூட இருக்கிறது, ஓசை மட்டும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவை 1994இல் சென்னையில் நூலகமானபோது காக்கப்பட்டவற்றில் இத்தகைய புத்தகங்களும் உண்டு. ஆராய்ச்சியாளர் மதிப்புமிக்க நூல்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில், குப்பைக்குப் போகவிருந்த தாள்களைச் சேர்த்த ஒருவருக்கு நம் திரையிசை வரலாறு பட்டிருக்கும் கடன் பெரியது.

இனி வாங்கியவரைப் பார்ப்போம். கிராமபோன் பெட்டி வசதியுள்ள வீடுகளின் பொருளாகவே இருந்தது. பரந்த ஜனங்களுக்குத் தட்டிசையைக் கொண்டுபோனவர் மைக் செட்காரர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கத்து ஊர்களில் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், மாரியம்மன் பொங்கல் எதுவானாலும் முதல் நாள் மாலையே புளியமரத்திலோ பனையிலோ குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். ஆம்ப்ளிபையர், தட்டு சுழற்றும் பெட்டி, ஊசி டப்பா, ரிக்கார்டுப் பெட்டி, கரண்டு இல்லாத ஊரானால் பேட்டரி, எல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, சாமி பாட்டு முடிந்து, நேரம் ஏற ஏறப் புதுப் படப் பாட்டுக்கு வருவார்கள். புதுத் தட்டு வைத்திருக்கும் செட்டுக்குத்தான் அடுத்த விசேஷத்துக்கு முன்பணம் கிடைக்கும்; பக்கத்து ஊர்ச் செட்டிடம் அந்தத் தட்டு இருந்து இவரிடம் இல்லையென்றால் பிழைப்புப் போயிற்று. இன்று பழைய தட்டு வாங்குபவர்கள் பல தட்டுகளின் நடு லேபிளில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயர் பேனாவால் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கையெழுத்தே போதுமான ஆதாரம். நம் சேகரிப்புகளின் பெரும்பகுதி ரசிகர் வீட்டு அலமாரியிலிருந்து வந்ததல்ல. தொழில் செய்தவரின் பெட்டியிலிருந்து வந்தது.

தொழில் செய்பவருக்கு என்ன வேண்டும்? வயற்காட்டைத் தாண்டி மறு ஊருக்குக் கேட்கும் குரல் வேண்டும். மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் கணீர்க் குரல் குழாய் ஸ்பீக்கருக்கென்றே அமைந்ததுபோல் ஒலித்தது இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. காற்றில் கரையும் ஒற்றைப் புல்லாங்குழலும் தாழ்ந்த வயலின் கூட்டமும் பந்தலில் எடுபடா. கல்கத்தா டம்டம் ஆலையில் தட்டு அச்சடித்த கம்பெனிக்கு எந்தத் தட்டு மறுபடி மறுபடி கேட்டு வருகிறது என்பது தெரியும். நான்கு பாட்டு கொண்ட ஈ.பி. விற்றது, எட்டுப் பாட்டுப் படமானால் இரண்டு ஈ.பி. போட்டார்கள், ஐந்தாறு பாட்டென்றால் சிலவற்றை விட்டார்கள். டைட்டில் இசையை வாங்க ஆளில்லை என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. எண்பதுகளில் கேசட் வந்தபோது இடம் கூடியது, பழக்கம் மாறவில்லை. ஒரு கேசட்டில் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் இன்னொரு படம் என்று விற்றார்கள். அரை மணிக்குள் அடங்காத சோகப் பாட்டும் பிட் பாட்டும் வெளியே நின்றன.

இந்தப் பழக்கம் பெரிய இழப்பானது 1976க்குப் பிறகு. அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா ‘அன்னக்கிளி’யில் அறிமுகமானார். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்து வளர்ந்த காது அவருடையது. உருமியும் தவிலும் எங்கே நிறுத்தினால் நெஞ்சு அதிரும், ஒப்பாரியின் இழுவை எந்த இடத்தில் குழலாக மாறும் என்பதை அவர் பாட்டைவிடப் பின்னணி இசையில் தாராளமாகச் சொன்னார். ‘உதிரிப்பூக்கள்’ (1979) போன்ற படத்தில் பாதிக் கதையை இசையே சொல்கிறது. கடையில் கிடைத்ததோ பாட்டுகள் மட்டும். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) தலைகீழ் உதாரணம்: எஸ். ஜானகி பாடிய விடியற்காலைப் பாட்டு தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை. காட்சியே இல்லாத அந்தப் பாட்டு தலைமுறை தாண்டி நிலைத்தது. காட்சியைத் தாங்கிய இசைக்கோ தனி வாழ்வு கிடைக்கவில்லை. தட்டில் ஏறியது வாழும், ஏறாதது கொட்டகையோடு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏன் அப்போதே தனியாக எடுத்து வைக்கவில்லை? ரீ-ரிக்கார்டிங் நடந்த முறையே ஒரு தடை. ரீல் ரீலாகப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, காட்சிக்கு நேராக வாசித்துப் பதிவார்கள். அது வசனத்தோடும் ஓசைகளோடும் கலந்து ஒரே ஒலித்தடமாகப் பிரிண்டில் ஏறும். கலந்த பிறகு இசை மட்டும் இருந்த நாடாவுக்கு வேலை இல்லை. விலை கூடிய காந்த நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது ஸ்டூடியோக்களில் சாதாரணம். சட்டமும் அந்தப் பக்கமே நின்றது. கூலி பேசிப் படத்துக்காகச் செய்யப்பட்ட இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1977இல் தந்தது. தயாரிப்பாளர் ரிக்கார்டு கம்பெனிக்கு விற்றது பாட்டை. பாட்டு சொத்தாயிற்று, பின்னணி இசை அன்றைய கூலிவேலையாக நின்றுவிட்டது. இளையராஜாவின் பாடல்கள் பற்றிப் பின்னாளில் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. பின்னணி இசைக்கு அவ்வளவு பேர் உரிமை கொண்டாட வரவில்லை. விலை இருப்பதற்குத்தானே வழக்கு.

பின்னணி இசை காட்சிக்காகப் பிறந்தது, காட்சியை விட்டுப் பிரித்தால் அதற்குப் பொருளில்லை என்று ஒரு மறுப்பு உண்டு. நேர்மையான மறுப்புதான், இசையமைப்பாளர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பாட்டும் காட்சிக்காகத்தானே பிறந்தது? காதுகுத்து வீட்டில் கதாநாயகி யாரென்று தெரியாமலே அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! ‘மௌன ராகம்’ (1986) படத்தின் பின்னணி இசைத் துண்டு செல்போன் வந்த பிறகு பஸ்ஸுக்கு பஸ் ஒலித்தது. யாரோ படத்திலிருந்து வெட்டியெடுத்தது அது. காட்சியை விட்டு வெளியே வந்தும் அது சாகவில்லை. ஹாலிவுட்டில் இசையை மட்டும் தனித் தட்டாக வெளியிடுவது நாற்பதுகளிலிருந்தே உண்டு. அங்கும் முழு இசை கிடைக்காமல் சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டு காத்திருந்தார்கள். கேட்பவர் இல்லை என்ற வாதத்தை அந்தக் காத்திருப்பே முறிக்கிறது.

அந்த மறுப்புக்கு இன்னும் வலுவான பதில் நம் பந்தலிலேயே இருக்கிறது. பாட்டுத் தட்டு போதாமல் ஜனங்கள் கேட்டு வாங்கிய இன்னொன்று கதை வசனத் தட்டு. மீனாட்சி பட்டணத்துக் கதையான ‘திருவிளையாடல்’ (1965) வசனத் தட்டில் தருமியும் சிவனும் வாதாடுவதைக் கேட்காத கிராமம் மதுரைப் பக்கம் அரிது. இந்தியில் ‘ஷோலே’ (1975) வசனத் தட்டு விற்றதும், இங்கே ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாக டீக்கடை டீக்கடையாக முழங்கியதும் இதே பசிக்கு. படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்த வசனத்தோடு பின்னணி இசையும் சேர்ந்து வந்தது என்பதைத்தான் யாரும் கணக்கில் வைக்கவில்லை. ‘திருவிளையாடல்’ இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனின் பின்னணி இசை கடைக்கு வந்த ஒரே வழி அநேகமாக வசனத்தின் முதுகில்தான். பாட்டுக்கு வெளியே இருந்த படத்தின் ஓசையைக் காசு கொடுத்து வாங்கக் கிராமம் தயாராகவே இருந்தது. கம்பெனிகள் அதை வசனத்துக்கான ஆசை என்று மட்டுமே படித்தன. பேச்சும் மௌனமும் இசையும் சேர்ந்த முழுப் படத்தையே ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினார்கள் என்று நான் படிக்கிறேன்.

சேகரிப்பாளரின் ஏக்கம் அரிய பொருள் மீதான பேராசைதான் என்று குறைகூறுவோரும் உண்டு. சிலரிடம் அது இருக்கிறது. தட்டைப் பூட்டி வைத்து விலை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1964இல் தொடங்கிய தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருளைக் காக்கவே போராடி வந்திருக்கிறது. ஸ்டூடியோ நாடாக்களைக் கேட்டு வாங்க அரசு சார்பில் யாரும் கதவைத் தட்டவில்லை. கொட்டகைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்து, 2,563 பேர் அமர்ந்து கேட்ட தங்கம் தியேட்டர் இன்று இல்லை; சிந்தாமணியும் இல்லை. இந்நிலையில் வீட்டு அலமாரியில் இருப்பதே காப்பகம். தொண்ணூறுகளில் ‘பம்பாய்’ (1995) போன்ற தொகுப்புகளில் ஒரு வாத்திய இசை தனித்தடமாக இடம்பெற்றது நல்ல மாற்றம். என்றாலும் ஒரு தீம் மியூசிக் முழுப் பின்னணி இசைக்கு ஈடாகாது. 1980ஆம் வருஷத்து மதுரையைக் காட்டிய ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்தில் காதலர்கள் பார்வை பரிமாறும்போது ஒலிப்பது ‘கல்லுக்குள் ஈரம்’ (1980) படத்தின் இளையராஜா பாட்டு. பார்த்தவர் மனதில் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்ட அந்தப் பாட்டு, படத்தின் பெயரில் விற்ற தொகுப்பில் கிடையாது.

மைக் செட்டுகள் பென்டிரைவுக்கு மாறியபோது ரிக்கார்டுப் பெட்டிகள் பரணுக்குப் போயின. பல எடைக்குப் போயின. அவற்றை விலைக்குக் கேட்டு வருபவர்கள் பாட்டுத் தட்டுகளையே முதலில் பொறுக்குகிறார்கள். வசனத் தட்டு மலிவு. கீறல் விழுந்தது என்று ஒதுக்கப்படுவது. வசனம் ஓய்ந்து அடுத்தவர் வாய் திறப்பதற்கு முந்தைய நான்கைந்து நொடிகளில் வீணையோ நாதஸ்வரமோ தனியாக எழும் இடங்கள் அந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன.