காப்பிக் கொட்டையும் அதன் ஊர்ப்பெயரும்

பொருளை விளைவித்தவன் பெயர் மறைந்து, அதனைக் கப்பலேற்றியவன் பெயர் நிலைபெறுவது வாணிப உலகில் புதுமையன்று. ஆயினும் காப்பியின் சரித்திரத்தில் அது நிகழ்ந்தவாறு வேறெங்கும் இத்துணைத் தெளிவாக நிகழ்ந்திலது என்றே நாம் கருதுகிறோம். செங்கடலின் கீழ்க்கரையில், ஏமன் நாட்டில், மோக்கா என்றொரு துறைமுகப்பட்டினம் உண்டு. வெப்பம் மிகுந்த அம்மணற்கரை காப்பி விளையும் நிலமன்று. உள்நாட்டு மலைகளில் விளைந்த கொட்டை அத்துறையில் மூட்டையாகி மரக்கலம் ஏறியமையால், ஐரோப்பிய வணிகர் துறையின் பெயரையே சரக்கின் பெயராக்கினர். பின்னர் 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துத் தாவர நூலறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு நூன்முறைப் பெயர் சூட்டியபொழுது, அரபு நாட்டுக்குரியது என்னும் பொருள்பட 'அராபிகா' என்றார். செடியின் பிறப்பிடமோ அரபு நாடன்று. கடலுக்கு அப்பால் எத்தியோப்பியா என்றும், நம் பாட்டன்மார் காலத்தில் அபிசீனியா என்றும் வழங்கிய நாட்டின் தென்மேற்கு மலைக்காடுகளே அதன் தாயகம்.

இந்நாளில் நம் நகரக் கடைகளில், 'சிங்கிள் ஆரிஜின்' என்று அச்சிட்ட சிறு பொட்டலங்களில் ஆப்பிரிக்கக் காப்பிக் கொட்டை விற்கப்படுகிறது. பிறவூர்க் கொட்டை கலவாமல், ஓரூரிலோ ஒரு தோட்டத்திலோ விளைந்தது என்பது அதன் பொருள். ஓரூர்க் காப்பி என்று நாம் அதனை வழங்குவோம். விலை அதிகம். பணம் படைத்தோரின் பகட்டு இது என்று தள்ளிவிட அன்பர் சிலர் விரும்பலாம். பகட்டுக்கு நாமும் நண்பரல்லோம். ஆனால் யிர்காசெஃபே, சிடாமோ, ஹரார், நியேரி என்று அப்பொட்டலங்களின்மேல் காணும் ஊர்ப்பெயர்கள் எளிதில் வந்து அமர்ந்தவையல்ல. அவை வந்த வழியை அறிந்து அருந்துவோர்க்கு நாவின் சுவையும் ஒரு படி மிகும் என்பது நம் துணிபு.

முதலில் பிறப்பைக் காண்போம். கனெஃபோரா, யூஜெனியாய்டிஸ் என்னும் இரு காட்டுக் காப்பி இனங்கள் இயற்கையிற் கலந்து பிறந்ததே அராபிகா. இவற்றுள் கனெஃபோராவே கடைத்தெருவில் ரொபஸ்டா எனப்படுவது. அக்கலப்பு சுமார் 6 லட்சம் ஆண்டுகட்கு முன் நேர்ந்திருக்கலாம் என்று 2024-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி கணிக்கிறது. இதனை விடுத்து, இடையன் ஒருவனுடைய ஆடுகள் செந்நிறப் பழங்களைத் தின்று துள்ளின, அதைக் கண்டே மக்கள் காப்பியை அறிந்தனர் என்னும் கதையையே காப்பி வியாபாரிகள் எடுத்தோதுவர். இக்கதை 1671-ல் ரோமாபுரியில், நைரோன் என்னும் அறிஞர் எழுதிய லத்தீன் நூலில் அச்சேறியது. அந்நூலில் இடையனுக்குப் பெயர்கூட இல்லை. கால்டி என்ற பெயர் பின்வந்தோர் ஒட்டியது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தி எழுந்த ஒரு கதையைச் சரித்திரமென்று கொள்ளுதல் அறிவுக்குப் பொருந்துவதன்று. ஆதாரமுள்ள செய்தி 15-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்குகிறது. ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் உறக்கம் வாராதிருக்க இதனை அருந்தினர். 1511-ல் மக்கா நகரின் அதிகாரி ஒருவர் இதற்குத் தடை விதித்தார். அத்தடை நெடுநாள் நிற்கவில்லை.

எத்தியோப்பிய மக்கள் தங்கள் காப்பியை அரபு நாட்டுப் பொருளென்று கருதுவதில்லை. அவர்கள் அதற்கு வழங்கும் பெயர் 'புன்னா'. விருந்தினர் வந்தால் வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி, அவர்கள் கண்ணெதிரே சட்டியில் வறுத்து, எழும் புகையை ஒவ்வொருவர் முகத்தருகேயும் காட்டி, உரலில் இடித்து, ஜெபனா என்னும் கரிய மண் கூஜாவில் கொதிக்க வைப்பாள். ஒரே பொடியில் மும்முறை நீர் சேர்த்து மூன்று சுற்று வழங்குவர். முதற் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்பது ஆசி. மூன்றாவதையும் அருந்தாமல் எழுந்து போதல் மரியாதையன்று. அந்நாட்டில் விளைவதில் ஏறக்குறையப் பாதி அந்நாட்டாராலேயே அருந்தப்படுகிறது. தாம் விளைவிப்பதைத் தாமே விரும்பி உண்ணும் உழவரைக் காண்பது தோட்டப் பயிர் உலகில் அருமை. நமது செம்பனைத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. செடி உலகெங்கும் பரவிய வழியைச் சுருங்கச் சொல்வோம். டச்சுக்காரர் 1696-ல் மலையாளக் கரையிலிருந்து ஜாவாவுக்குக் கன்றுகளைக் கொண்டு சென்றனர். அவை வெள்ளத்தில் அழிய, 1699-ல் மீண்டும் கொண்டு சென்றனர். 1706-ல் ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. 1714-ல் அதன் வழிவந்த கன்றொன்று பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயிக்குப் பரிசாயிற்று. அங்கிருந்து அமெரிக்கத் தீவுகள். இஃதொரு கிளை. மற்றொரு கிளை, 1715-ல் பிரெஞ்சுக்காரர் ஏமனிலிருந்து நேரே இந்து மகா சமுத்திரத்துப் போர்போன் தீவுக்குக் கொண்டு சென்றது. அத்தீவின் வழிவந்த செடிகளைப் பிரெஞ்சுப் பாதிரிமார் பின்னர்க் கிழக்காப்பிரிக்காவுக்குக் கொணர்ந்தனர். கென்யாவில் பூரா என்னுமிடத்தில் 1893-ல் காப்பி நடப்பட்டது. எத்தியோப்பியாவும் கென்யாவும் எல்லை தொட்டுக் கிடக்கும் நாடுகள் என்பதை நேயர்கள் தேசப்படத்தில் கண்டுகொள்ளலாம். வேலி தாண்டி அண்டை வீட்டுக்குப் போகவேண்டிய செடி, அரபு நாட்டையும் ஒரு தீவையும் வெள்ளைக்காரர் கைகளையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த பின்னும் அம்மண்ணின் மக்களுக்கு அது உரியதாகவில்லை. கென்யாவின் நல்ல மேட்டுநிலங்களை ஐரோப்பியக் குடியேறிகள் கைக்கொண்டனர். ஆப்பிரிக்கர் அவர்களுடைய தோட்டங்களில் பழம் பறிக்கலாம், மூட்டை சுமக்கலாம், ஆனால் தம் சொந்தக் கொல்லையில் ஒரு காப்பிச் செடி நடலாகாது. அவர்கள் நட்டால் பயிர்நோய் பரவும், தரம் குன்றும், தோட்டத்துக் கொட்டையைத் திருடி விற்பர் என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. சொந்தப் பயிரில் காசு கிடைத்துவிட்டால் கூலிக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற அச்சமே இவற்றின் அடியில் இருந்தது. 1930-களில் கிஸியி, மேரு, எம்பு ஆகிய பகுதிகளில் மட்டும், மிகச் சிறு அளவில், கடும் நிபந்தனைகளோடு அனுமதி தரப்பட்டது. 1954-ல் ஸ்வின்னர்ட்டன் திட்டம் வந்த பின்னரே கதவு அகலத் திறந்தது. அப்பொழுது அந்நாட்டில் விடுதலைக் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இன்று கென்யக் காப்பியில் பாதிக்கு மேற்பட்டது சிறு நிலக்காரர் விளைவிப்பது. நியேரி என்றும் கிரின்யாகா என்றும் அச்சிட்ட பொட்டலம் நம் கைக்கு வருமாயின், நடவே தடுக்கப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விளைவித்தது நம் கைக்கு வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் நாட்டுக்கும் ஆப்பிரிக்கக் காப்பிக்கும் தொடர்பில்லை என்று எவரும் எண்ண வேண்டா. இலங்கையில் 1869-ல் தோன்றிய இலைத்துரு நோய் அராபிகாத் தோட்டங்களை அழித்தது. அத்தோட்டங்களைக் காடு வெட்டி உண்டாக்கியவர் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் சென்ற கூலிமக்கள். நோய் தாங்கும் இனத்தைத் தேடிய துரைமார் கண்ணில் பட்டது மேற்காப்பிரிக்காவின் லைபீரியாக் காப்பி. உயர்ந்து வளரும் மரம், தடித்த இலை, பெரிய கொட்டை. தாழ்நிலத்து வெப்பத்தையும் அது பொறுக்கும். ஆதலின் மலாயாவிலும் அது நடப்பட்டது. 1890-களில் சிலாங்கூரில் நம்மவர் களையெடுத்துப் பழம் பறித்த காப்பித் தோட்டங்களில் பெரும்பாலும் இருந்தது இவ்வினமே. பிரேசில் நாட்டு விளைச்சல் பெருகி அப்பத்தாண்டின் பிற்பகுதியில் விலை வீழ்ந்தது. காப்பி வரிசைகளுக்கிடையே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பால்மரக் காடு, அதற்கும் பின்னர்ச் செம்பனை. ஆனால் ஜோகூரிலும் சிலாங்கூரின் கடலோரத்திலும் லைபீரியாக் காப்பி இன்றும் விளைகிறது. மலேசியாவில் விளையும் காப்பியில் மிகப் பெரும்பகுதி அதுவே. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, கடைகளில் கோப்பி-ஓ என்று பெற்றுக்கொள்வதனால் அதன் இயற்கை மணத்தை நம்மிற் பலர் அறியாமலே வாழ்கிறோம்.

இனி ஊர்ப்பெயரைப் பற்றிய வழக்குக்கு வருவோம். ஹரார், சிடாமோ, யிர்காசெஃபே ஆகிய மூன்று பெயர்களையும் தன் உரிமைக் குறிகளாகப் பதிவு செய்யுமாறு எத்தியோப்பிய அரசாங்கம் 2005-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அமெரிக்கக் காப்பி வணிகர்களின் தேசிய சங்கம் இதனை எதிர்த்தது. இவை பொதுச்சொற்களாகிவிட்டன, ஒருவர்க்கு உரிமையாகா என்பது வாதம். எவன் ஊர்ப்பெயரையோ தம் பொட்டலத்தில் இட்டு விற்றுப் பழகியபின், அது பொதுப்பெயர் என்று வாதாடுவதன் விசித்திரத்தை என்னென்பது! 2006-ல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. 2007 ஜூன் மாதத்தில் ஸ்டார்பக்ஸ் கம்பெனி எத்தியோப்பியாவோடு உடன்படிக்கை செய்து அப்பெயர்களின் உரிமையை ஒப்புக்கொண்டது. இவ்வெற்றிக்குப் பின் அந்நாட்டிலேயே ஒரு முரண்பாடு நேர்ந்தது. 2008-ல் தொடங்கிய அரசாங்கச் சரக்குச் சந்தையில் கொட்டைகள் தரவாரியாக ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டமையால், எந்தக் கழுவுநிலையத்துக் கொட்டை என்று வாங்குவோன் அறிய இயலாமற் போயிற்று. 2017-க்குப் பின் விதிகள் தளர்ந்தன.

தோட்டத்து அலுவலகத்தில் எடைச்சீட்டு எழுதும் தொழிலினராகிய நமக்கு இது புதிதன்று. செம்பனைக் குலை எந்த நிலத்து வெட்டு என்பது சீட்டில் இருக்கும். ஆலைக்குள் புகுந்து எண்ணெயானபின் அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. காப்பியில் அந்தச் சீட்டு வீட்டு மேசை வரை வந்து சேர்வதே வியப்பு. அதற்காக, ஊர்ப்பெயர் வந்துவிட்டமையால் உழவனுக்கு உரிய விலையும் வந்துவிட்டது என்று முடிவு கட்டுவது பேதைமை. மணங்கள் ஐந்தை எழுதும் பொட்டலம், கொடுத்த விலையை எழுதுவதில்லை. அதனையும் வெளியிடுவோர் சிலர் உளர். வாங்குவோர் அவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை கடினமன்று. எத்தியோப்பியா, கென்யா என்று நாட்டின் பெயர் மட்டும் இருப்பின் அது போதாது. மாவட்டமும் கழுவுநிலையமும் இருத்தல் வேண்டும். கென்யாவில் கழுவுநிலையத்தை 'ஃபேக்டரி' என்பர். காலாவதித் தேதியை விட வறுத்த தேதியே முக்கியம். வறுத்து ஒரு வாரத்துக்கு மேல், ஒரு மாதத்துக்குள் இருப்பது நன்று. கருக வறுத்ததில் எந்த ஊரும் ஒன்றே. ஆதலின் இளவறுவலை வாங்குக. கென்யப் பொட்டலத்தில் 'ஏஏ' என்றிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது சல்லடைக் கணக்கு, கொட்டையின் பருமன், சுவையின் தரமன்று. 'ஏபி' என்னும் சற்றுச் சிறிய கொட்டை பலமுறை இதனை வென்றிருக்கிறது. 'பிபி' என்பது ஒரு பழத்தில் ஒரே உருண்டை விதையாக விளைந்தது, தமிழ்நாட்டார் பீபரி என்பது. அடுத்து, பதப்படுத்திய முறையைப் பார்க்க வேண்டும். தோல் நீக்கி, புளிக்கவைத்து, நீரில் கழுவி உலர்த்துவது ஒன்று. பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்துவது மற்றொன்று. ஹரார் நீர் அருகிய நாடாதலின் அங்கே பழமையான வழக்கம் இரண்டாவது.

ஒரே காப்பியைத் தனியே அருந்தினால் நா எதையும் கற்பதில்லை. நூறு நூறு கிராமாக மூன்று வகை வாங்குக; நண்பர் மூவர் பகிர்ந்துகொண்டால் செலவும் தாங்கும். ஒத்த கிண்ணங்களில் 11 கிராம் கொட்டையை ரவை போலத் திரித்து இட்டு, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய நீர் 200 மில்லி ஊற்றுக. நான்கு நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்குக. அப்பொழுது எழும் ஆவியை மோந்து பார்த்தல் பாதிப் பரீட்சை. நுரையை எடுத்தெறிந்து, சூடு தணிந்தபின் கரண்டியில் எடுத்து ஓசையெழ உறிஞ்ச வேண்டும். பிள்ளைகளை அதட்டும் அவ்வோசையைப் பெரியவர்களே எழுப்புவது கண்டு வீட்டார் நகைப்பர், நகைக்கட்டும். பாலும் சர்க்கரையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், முதல் உறிஞ்சலில் வேண்டா.

கழுவிய யிர்காசெஃபேயில் மல்லிகையும் எலுமிச்சைத் தோலும் நாறும். நிறமும் கனமும் தேநீரை ஒக்கும். காப்பி என்றால் கசப்பு என்றே பழகியவர் முதலில் ஏமாற்றம் அடைவர். பழத்தோடு உலர்த்திய ஹரார், கனிந்து கள்ளேறத் தொடங்கிய பழக்கூடையின் வாடையுடையது. நியேரிக் கொட்டையின் புளிப்பு கூர்மையானது, சிலர்க்குத் தக்காளியை நினைவூட்டும். சூட்டில் வெடுக்கென்று இருப்பது ஆற ஆற இனிக்கும். ஆகவே கிண்ணத்தை விரைந்து காலி செய்தல் ஆகாது. நாம் இம்மூன்றோடு நான்காவதாக, சர்க்கரை சேராமல் இளவறுவலாக வறுத்த ஜோகூர் லைபீரியாவையும் வைப்பது வழக்கம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டு சென்றதும் பலாச்சுளை மணக்கும். அதற்கு நீர் சற்றுக் குறைந்த சூட்டில் இருப்பதே நன்று. இல்லையேல் மரப்பட்டையின் கார்ப்பு மேலெழும்.