புகழும் உணவுமேஜையும்

1964ஆம் ஆண்டில் ழான் வானியே, பிரான்ஸ் தேசத்துச் சிற்றூர் ஒன்றில், அறிவுத்திறன் குறைபாடுடைய இருவரைப் பெரிய காப்பகத்திலிருந்து அழைத்துவந்து தம்முடன் வாழச் செய்தார். சமைப்பதும் உண்பதும் ஜெபிப்பதும் ஒன்றாகவே. ‘லார்ஷ்’, அதாவது ‘பேழை’, எனப் பெயர்பெற்ற அச்சிறு இல்லம் பல தேசங்களில் கிளைவிட்டது.

ஆயினும், 2019இல் அவர் மறைந்தபின் மற்றொரு உண்மை வெளிப்பட்டது. ஆவிக்குரிய வழிகாட்டியாக இருந்துகொண்டு அவர் ஆறு பெண்களையேனும் பாலியல் வகையில் தவறாகப் பயன்படுத்தினார் என்னும் விசாரணை முடிவை, 2020இல் லார்ஷ் நிறுவனமே வெளியிட்டது. அப்பெண்கள் குறைபாடுடையோர் அல்லர்.

ஆகவே, இத்தகைய இல்லத்திற்குச் செல்கையில் நிறுவினவரின் புகழை நோக்காதிருங்கள், உணவுவேளையை நோக்குங்கள். பராமரிப்போரும் உடன் அமர்கிறார்களா? “வேண்டாம்” என்பவரின் சொல்லுக்கு மதிப்புண்டா? முறையீட்டைக் கேட்க வெளியார் உண்டா? அன்பும் கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டதே.